போதகர் இல்லத்திலிருந்து புறப்பட்ட கொள்ளையர்

அமெரிக்க மேற்குப் பகுதியின் கொள்ளையரை நம்மில் பெரும்பாலோர் திரைப்படங்கள் வாயிலாகவும் படக்கதை நூல்கள் வாயிலாகவுமே அறிந்திருக்கிறோம். புழுதி பறக்கும் ஒற்றைத் தெரு, மதுக்கடையின் ஊசற்கதவு, இடுப்பிலே கைத்துப்பாக்கி, மார்பிலே விண்மீன் வடிவச் சின்னம் அணிந்த ஷெரீப் ஆகியனவே நம் மனக்கண்முன் எழும் காட்சிகள். அத்தெருவின் கோடியில் வெள்ளை வண்ணம் பூசிய சிறு மர ஆலயம் ஒன்றும் காட்டப்படுவதுண்டு. கதையில் அதற்கு வேலை அதிகம் இருப்பதில்லை. ஒரு திருமணமோ ஓர் அடக்க ஆராதனையோ நடந்தேறியதும் அது மறக்கப்பட்டுவிடும். வரலாற்றை ஆராயப் புகுவோருக்கோ அவ்வாலயம் கதையின் ஓரத்தில் நிற்பதாகத் தோன்றுவதில்லை. அந்நாளில் எவரினும் மிகுந்த பெயர் பெற்ற கொள்ளையரான ஜெஸ்ஸி ஜேம்ஸ் ஒரு பாப்திஸ்து போதகரின் மகன். கொலைகளாலேயே பெயர் பெற்ற ஜான் வெஸ்லி ஹார்டின் ஒரு மெதடிஸ்து போதகரின் மகன். பெற்றோர் யாரை நினைந்து அவருக்கு அப்பெயரை இட்டனர் என்பதை நமது வாசகருக்குக் கூற வேண்டுவதில்லை.

போதகர் பிள்ளைகளைப் பற்றி நம் சபைகளில் வழங்கும் கேலிப்பேச்சுக்கு மேலும் இரண்டு எடுத்துக்காட்டுகள் தருவது நமது நோக்கமன்று. இவ்விருவரின் வாழ்வில் திருச்சபையின் பங்கு என்ன என்னும் வினாவே நம்மை இக்கட்டுரைக்குத் தூண்டியது. இத்தகையோரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதற்பொருள், சட்டத்தை மீறியவன் என்பதன்று. சட்டத்துக்குப் புறம்பே தள்ளப்பட்டவன் என்பதாகும். பண்டை இங்கிலாந்தில் அவ்வாறு அறிவிக்கப்பட்டவனுக்குச் சட்டத்தின் காப்பு இல்லை. அவனை யார் கொன்றாலும் கேள்வி இல்லை. பாவம் இன்னதென யோவானின் முதல் நிருபம் மூன்றாம் அதிகாரத்தில் விளக்கும்போது ஆளும் 'அனோமியா' என்னும் கிரேக்கச் சொல்லோ மீறுகிறவனைச் சுட்டுவது. ஒருவன் சட்டத்தை மீறுவது வேறு, சட்டம் ஒருவனைத் தன் காப்பிலிருந்து விலக்கிவைப்பது வேறு. அமெரிக்க எல்லைப்புறத்தில் இவை இரண்டும் பின்னிக்கிடந்தன என்பதும், விலக்கிவைத்தலே முந்தியது என்பதும் நாம் கண்ட முடிவு.

ஜெஸ்ஸியின் தந்தை அருள்திரு ராபர்ட் ஜேம்ஸ் கல்வியறிவு மிக்கவர். கென்டக்கி மாநிலத்துக் கல்லூரியொன்றில் பட்டம் பெற்று, மிசௌரி மாநிலத்தின் கிளே மாவட்டத்தில் குடியேறிச் சபைகளைக் கட்டியெழுப்பினார். லிபர்ட்டி என்னும் ஊரில் 1849இல் வில்லியம் ஜுவல் கல்லூரியை நிறுவப் பாடுபட்டவருள் அவரும் ஒருவர். 1850இல் கலிபோர்னியாவில் பொன் தேடிச் சென்றோர் கூட்டத்தோடு, அவர்களுக்கு ஊழியம் செய்யும் நோக்குடன் அவரும் புறப்பட்டார். அங்குச் சென்ற சில மாதங்களிலேயே நோயுற்று இறந்தார். அப்போது ஜெஸ்ஸிக்கு மூன்று வயதுகூட நிரம்பவில்லை. போதகர் விட்டுச்சென்ற உடைமைகளின் பட்டியலில் நிலமும் கால்நடைகளும் நூல்களும் இருந்தன. ஆறு அடிமைகளும் இருந்தனர்.

இதனை அக்காலத்து வழக்கம் என்று கூறிக் கடந்துவிட இயலாது. ஏனெனில் அக்காலத்திலேயே திருச்சபை இதன் பொருட்டுப் பிளவுண்டது. அடிமை வைத்திருந்த ஒரு பேராயரைப் பற்றி எழுந்த வழக்கில் மெதடிஸ்து சபை 1844இல் வடக்கு தெற்கு எனப் பிரிந்தது. அடிமை வைத்திருப்போரை மிஷனெரிகளாக நியமிக்கலாமா என்னும் வினாவில் பாப்திஸ்துகள் 1845இல் பிரிந்தனர். நாடு பிளவுபடுவதற்குப் பதினாறு ஆண்டுகட்கு முன்னரே நற்கருணைப் பந்தி பிளவுபட்டிருந்தது. தென்பகுதிச் சபைகளின் பிரசங்க பீடங்கள் அடிமைமுறைக்கு வேதாகம ஆதாரம் தேடின. சட்டம் ஒரு மனிதனைப் பொருளாகக் கருதலாம், அவனுக்கு இழைக்கும் கொடுமை குற்றமாகாது என்னும் பாடத்தை ஜெஸ்ஸி ஜேம்ஸ் கள்வர் குகையில் கற்கவில்லை.

கிளே மாவட்டம் கான்சாஸின் எல்லையை ஒட்டியது. கான்சாஸ் அடிமை மாநிலமாவதா, விடுதலை மாநிலமாவதா என்று 1850களிலேயே அங்கு இரத்தம் சிந்தப்பட்டது. 1861இல் உள்நாட்டுப் போர் மூண்டபோது மிசௌரியில் அது அண்டை வீட்டாரிடையே நடந்த போராயிற்று. ஜெஸ்ஸியின் தமையன் பிராங்க், குவாண்ட்ரில் என்பவனின் கொரில்லாப் படையிற் சேர்ந்தார். 1863 மே மாதம் ஒன்றியத்தரப்பு ஊர்க்காவற் படையினர் ஜேம்ஸ் பண்ணைக்கு வந்து, பிராங்கின் இருப்பிடத்தைக் கேட்டு, பிள்ளைகளின் மாற்றாந்தந்தையை மரத்திற் கயிறிட்டுத் தூக்கி வதைத்தனர். அதே ஆண்டு ஆகஸ்டு 21ஆம் நாள் குவாண்ட்ரிலின் படை கான்சாஸின் லாரன்ஸ் நகருக்குள் புகுந்து ஆண்களும் சிறுவர்களுமாக 150 பேருக்கு மேல் கொன்றது. மறு ஆண்டு ஜெஸ்ஸியும் கொரில்லாக்களுடன் சேர்ந்துவிட்டார். 1864 செப்டம்பர் 27இல் சென்ட்ராலியா என்னும் ஊரில் அவர் சேர்ந்திருந்த ஆண்டர்சனின் படை இரயிலை நிறுத்தி, விடுப்பில் சென்ற ஆயுதமற்ற படைவீரர் இருபதுக்கு மேற்பட்டோரை இறக்கிச் சுட்டுக்கொன்றது. ஜெஸ்ஸிக்கு அப்போது பதினேழு வயது.

போர் 1865இல் முடிந்தது. மிசௌரியில் பகை முடியவில்லை. அவ்வாண்டு இயற்றப்பட்ட மாநில அரசியலமைப்பு, தெற்கை ஆதரித்தோருக்கு வாக்குரிமையை மறுத்ததோடு நில்லாமல், தாம் ஒருபோதும் எதிர்த்தரப்புக்குத் துணைநின்றதில்லை என்று ஆசிரியரும் குருமாரும் சத்தியம் செய்ய வேண்டுமென விதித்தது. அச்சத்தியம் செய்யாமல் பிரசங்கிப்பதே குற்றமாயிற்று. கம்மிங்ஸ் என்னும் கத்தோலிக்கக் குரு இதற்காகத் தண்டிக்கப்பட்டு, உச்ச நீதிமன்றம் வரை சென்று 1867இல் அவ்விதியைச் செல்லாததாக்கினார். வென்றவர் தம் பகைவரைச் சட்டத்துக்கு வெளியே நிறுத்த முயன்றதும் இவ்வாறு இக்கதையின் ஒரு பகுதியே.

1866 பிப்ரவரி 13ஆம் நாள் பட்டப்பகலில் லிபர்ட்டி நகர வங்கியில் பழைய கொரில்லாக்கள் சிலர் புகுந்து ஏறத்தாழ 60,000 டாலர் பெறுமதியான பணத்தையும் பத்திரங்களையும் அள்ளிச் சென்றனர். அமைதிக்காலத்தில் அந்நாட்டில் பகலில் நடந்த முதல் வங்கிக்கொள்ளைகளுள் ஒன்று அது. ஓடும்போது அவர்கள் சுட்டதில் தெருவில் நின்ற ஓர் இளைஞர் இறந்தார். அவர் வில்லியம் ஜுவல் கல்லூரி மாணவர். ஜெஸ்ஸி அன்று நேரில் இருந்தாரா என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவருடைய தோழர்களின் செயல் அது என்பதில் ஐயம் குறைவு. தந்தை நிறுவத் துணைநின்ற கல்லூரியின் மாணவன், மகனின் கூட்டத்தார் சுட்ட குண்டுக்கு இரையானான்.

பின்வந்த பதினாறு ஆண்டுகளின் வங்கி, இரயில் கொள்ளைகளை இங்கு வரிசைப்படுத்தத் தேவையில்லை. செல்வரிடம் பறித்து ஏழைகளுக்கு ஈந்தார் என்னும் புகழ் மட்டும் எவ்வாறு பிறந்தது என்று கேட்பது நன்று. ஏழைகளுக்கு அவர் பங்களித்ததற்குச் சான்று ஏதும் கிட்டவில்லை. அப்புகழைப் படைத்தவர் ஜான் நியூமன் எட்வர்ட்ஸ் என்னும் இதழாசிரியர். தென்படையில் அதிகாரியாக இருந்த அவர், கான்சாஸ் சிட்டி நாளிதழொன்றில் இக்கொள்ளையரைத் தோற்ற தரப்பின் வீரர்களாக வருணித்தார். 1872இல் அந்நகரப் பொருட்காட்சியின் வாயிலில் கட்டணப் பணம் கொள்ளையிடப்பட்டபோது ஒரு சிறுமி காயமுற்றாள். எட்வர்ட்ஸ் அச்செயலில் பழங்கால வீரரின் துணிவைக் கண்டு போற்றினார். படிப்பவர் பலரும் ஞாயிறுதோறும் ஆலயம் செல்வோரே. அவர்களும் சேர்ந்துதான் ஜெஸ்ஸியை உருவாக்கினர் என்று கூறுவது மிகையாகாது.

அரசுத்தரப்பும் தன் பங்கைச் செய்யத் தவறவில்லை. 1875 ஜனவரியில் ஓரிரவு, பிங்கர்ட்டன் என்னும் தனியார் துப்பறியும் நிறுவனத்தார் ஜேம்ஸ் பண்ணை வீட்டுக்குள் தீப்பற்றும் பொருளொன்றை எறிந்தனர். தேடப்பட்ட சகோதரர் அங்கு இல்லை. அது வெடித்ததில் எட்டு வயதான மாற்றாந்தம்பி ஆர்ச்சி இறந்தான். தாயின் கை சிதைந்து, வெட்டி எடுக்க நேர்ந்தது. கொள்ளையருக்கு மக்களிடையே இரக்கம் பெருக இதனினும் பெரிய காரணம் வேண்டியதில்லை.

இக்கூட்டத்தின் வீழ்ச்சி 1876 செப்டம்பர் 7ஆம் நாள் வடக்கே மின்னசோட்டா மாநிலத்து நார்த்ஃபீல்டு என்னும் சிற்றூரில் நேர்ந்தது. எண்மர் வந்தனர். வங்கியில் அன்று பொறுப்பிலிருந்தவர் ஜோசப் ஹேவுட். ஒன்றியப் படையில் பணியாற்றியவர். காங்கிரிகேஷனல் சபையார் அவ்வூரில் நிறுவிய கார்ல்டன் கல்லூரியின் பொருளாளரும் அவரே. இரும்புப் பெட்டகத்தைத் திறக்க அவர் மறுத்தார். கழுத்தில் கத்தி வைத்தும் மறுத்தார். இறுதியில் சுட்டுக் கொல்லப்பட்டார். தெருவில் ஊரார் கையிற் கிடைத்த துப்பாக்கிகளோடு எதிர்த்து நின்று கொள்ளையருள் இருவரை வீழ்த்தினர். ஆங்கிலம் நன்கு அறியாத சுவீடன் நாட்டுக் குடியேறி ஒருவரும் அன்று குண்டுபட்டுச் சில நாட்களில் இறந்தார். இரு வாரத்தில் யங்கர் சகோதரர் மூவர் பிடிபட்டனர். பிராங்கும் ஜெஸ்ஸியும் தப்பினர். திரைப்படங்களில் ஜெஸ்ஸிக்கு முதலிடமும் ஹேவுட்டுக்கு ஒரு நிமிடமுமே கிடைக்கின்றன. நமக்கோ ஹேவுட்டைப் பற்றி இன்னும் அறிய ஆவல் எழுகிறது.

ஜெஸ்ஸியின் முடிவும் சட்டப்படி நிகழவில்லை. மிசௌரி ஆளுநர் கிரிட்டன்டன் வெகுமதி அறிவித்தார். 1882 ஏப்ரல் 3இல் செயின்ட் ஜோசப் நகரில், மாற்றுப் பெயரில் குடியிருந்த வீட்டில், சுவரிலிருந்த படத்தைச் சீர்செய்ய ஜெஸ்ஸி நாற்காலி மீது ஏறி நின்றபோது, அவர் கூட்டத்திற் சேர்ந்திருந்த ராபர்ட் ஃபோர்டு பின்னாலிருந்து சுட்டான். ஃபோர்டு சகோதரர் குற்றத்தை ஒப்புக்கொண்டனர், தூக்குத்தண்டனை விதிக்கப்பட்டது, அதே நாளில் ஆளுநர் மன்னிப்பு அளித்தார். பிராங்க் சில மாதங்களுக்குப் பின் சரணடைந்தார்; மிசௌரி நடுவர் குழு அவரைக் குற்றவாளியெனக் காணவில்லை. முதுமை எய்தி 1915இல் தம் பண்ணையிலேயே காலமானார்.

இனித் தெற்கே டெக்சாஸ் மாநிலத்துக்குச் செல்வோம். ஜான் வெஸ்லி ஹார்டின் 1853இல் அங்குப் பிறந்தார். தந்தை அருள்திரு ஜேம்ஸ் ஹார்டின் குதிரையேறி ஊர் ஊராகச் சென்று பிரசங்கித்த மெதடிஸ்து போதகர், பள்ளி நடத்தியவர், சட்டமும் பயின்றவர். மகன் முதற்கொலை செய்தது 1868இல், பதினைந்தாம் வயதில். கொல்லப்பட்டவர் மேஜ் என்பவர். போருக்கு முன் ஹார்டினின் உறவினர் ஒருவரிடம் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். விளையாட்டாகத் தொடங்கிய மற்போரில் பகை மூண்டு, மறுநாள் வழியிற் சந்தித்தபோது ஹார்டின் சுட்டார் என்பது அவர் பிற்காலத்தில் எழுதிய தன்வரலாற்றிற் கூறுவது. மேஜின் தரப்புக் கூற்றை எவரும் எழுதிவைக்கவில்லை.

அவ்விரவில் அப்போதகர் வீட்டில் நிகழ்ந்ததே நம் சிந்தனைக்கு உரியது. மகன் தந்தையிடம் நடந்ததைச் சொன்னான். தந்தை அவனை அதிகாரிகளிடம் அழைத்துச் செல்லவில்லை, ஒளிந்துகொள்ளும்படி அனுப்பிவைத்தார். வட படையின் ஆட்சியில் நடக்கும் நீதிமன்றம் தென்னாட்டு வெள்ளையனுக்கு நீதி வழங்காது என்பது குடும்பத்தின் வாதம். உண்மை நிலையோ வேறு. அவ்வாண்டே டெக்சாஸ் அரசியலமைப்பு மாநாடு நியமித்த குழு, போர் முடிந்தபின் விடுதலை பெற்ற கறுப்பினத்தவர் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டனர் எனக் கண்டறிந்தது. தண்டனை பெற்றோர் மிகச் சிலர். ஒரு வெள்ளையின இளைஞன் நீதிமன்றத்துக்கு அஞ்சியதை விட, மேஜைப் போன்றோர் நீதிமன்றம் இன்மைக்கு அஞ்ச வேண்டியிருந்தது. தந்தையின் பாசத்தை நாம் பழிக்கவில்லை. ஆனால் அப்பாசத்தின் கணக்கில் மேஜின் உயிர் இடம்பெறவே இல்லை.

பின்னர் கொலைகள் தொடர்ந்தன. நாற்பதுக்கு மேல் என்பது ஹார்டினின் கணக்கு. ஆய்வாளர் உறுதிசெய்வது அதனிற் குறைவு. 1874இல் தம் இருபத்தோராம் பிறந்தநாளில் சார்லஸ் வெப் என்னும் துணை ஷெரீபைக் கொன்றார். வெகுண்ட கூட்டத்தார் ஹார்டினின் அண்ணன் ஜோவையும் உறவினர் இருவரையும் பிடித்து விசாரணையின்றித் தூக்கிலிட்டனர். 1877இல் பிடிபட்ட ஹார்டினுக்கு இருபத்தைந்து ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. ஹண்ட்ஸ்வில் சிறையில் அவர் இறையியல் நூல்களைப் பயின்றார், சிறை ஞாயிறு பள்ளியின் கண்காணிப்பாளரானார், சட்டமும் கற்றார். 1894இல் விடுதலை பெற்று வழக்கறிஞராகவும் பதிவுசெய்துகொண்டார். இங்கு நிறுத்தினால் இது நற்சாட்சிக் கூட்டத்துக்கு ஏற்ற கதையாகும்; நிறுத்துவோரும் உண்டு. அடுத்த ஆண்டு ஆகஸ்டில், எல் பாசோ நகர மதுக்கடையொன்றில் சூதாடிக்கொண்டிருந்தபோது, ஒரு காவலர் அவரைப் பின்னாலிருந்து சுட்டுக் கொன்றார்.

கொள்ளையர் பலரும் தப்பி ஒளிந்தது டெக்சாஸுக்கு வடக்கே, இன்று ஓக்லஹோமா எனப்படும் பகுதியில். அன்று அது பழங்குடியினர் நாடு. ஏன் அங்கு ஓடினர் என்பதற்கு விடை சட்டத்தில் இருந்தது. செரோக்கீ, சோக்டா முதலிய இனத்தாரிடம் முறையான நீதிமன்றங்கள் இருந்தன. ஆனால் அமெரிக்கக் குடிமகனை விசாரிக்கும் அதிகாரம் அவற்றுக்கு மறுக்கப்பட்டது. வெள்ளையன் ஒருவன் அங்குக் குற்றம் செய்தால் அவனைத் தேடி ஆர்கன்சாஸின் ஃபோர்ட் ஸ்மித் நகரிலிருந்து கூட்டரசு அலுவலர் வர வேண்டும். அந்நீதிமன்றத்தில் 1875 முதல் 1896 வரை அமர்ந்த நீதிபதி ஐசக் பார்க்கர் 160 பேருக்கு மரணதண்டனை விதித்தார். 79 பேர் தூக்கிலிடப்பட்டனர்.

அவ்வினத்தார் அந்நாட்டுக்கு வந்த வரலாறு நமக்குத் தொலைவானதன்று. ஜார்ஜியா மாநிலம் செரோக்கீ மக்களின் நிலத்தைக் கவர முற்பட்டபோது அவர்களோடு நின்ற மிஷனெரி சாமுவேல் உர்ஸ்டர் சிறையிலடைக்கப்பட்டார். 1834இல் மதுரையில் மிஷன் தொடங்கிய அமெரிக்கன் போர்டு சங்கத்தைச் சேர்ந்தவர் அவர். 1832இல் உச்ச நீதிமன்றம் அவர் வழக்கில், செரோக்கீ நாட்டில் ஜார்ஜியாவின் சட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. மாநிலம் அத்தீர்ப்பைப் பொருட்படுத்தவில்லை. அதனை நிலைநாட்டக் குடியரசுத் தலைவர் ஜாக்சனும் ஒன்றும் செய்யவில்லை. 1838-39இல் அம்மக்கள் படைபலத்தால் மேற்கே துரத்தப்பட்டனர். வழியில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். ஓர் அரசே நாட்டின் உச்ச நீதிமன்றத்தை மீறியதன் விளைவாக அமைந்த நாடு, பின்னாளில் சட்டத்தை மீறியோரின் புகலிடமாயிற்று.

அந்நாட்டிற் பணிபுரிந்த கூட்டரசுத் துணை அலுவலருள் பாஸ் ரீவ்ஸ் என்பவரைக் குறிப்பிடாமல் மேற்செல்ல மனமில்லை. அடிமையாகப் பிறந்து, போர்க்காலத்தில் தப்பிப் பழங்குடியினரிடையே வாழ்ந்து, 1875இல் பதவியேற்றவர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றினார். 1902இல் அவருடைய சொந்த மகன் தன் மனைவியைக் கொன்ற குற்றத்துக்காகத் தேடப்பட்டான். அப்பிடியாணையை வேறு எவரிடமும் கொடுக்க வேண்டாமெனக் கேட்டுப் பெற்று, மகனைத் தாமே கைதுசெய்து ஒப்படைத்தார். டெக்சாஸ் போதகர் தம் மகனுக்குச் செய்ததை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் இருக்க இயலவில்லை. சட்டத்தின் காப்பு இல்லாமல் வாழ்ந்து பார்த்தவர் ரீவ்ஸ்.

இதுவரை அடிமைமுறையைச் சுற்றியே பேசிவந்தோம். அது ஒன்றே வேர் என்று வாசகர் எண்ணிவிடலாகாது. சென்ட்ராலியா படுகொலைக்கு இரண்டு மாதம் கழித்து, கொலராடோவில் நடந்தது அவ்வெண்ணத்தைத் தகர்க்கிறது. ஜான் சிவிங்டன் மெதடிஸ்து குரு. அடிமைமுறையை வன்மையாக எதிர்த்தவர். மிசௌரியில் ஊழியம் செய்தபோது அடிமைமுறை ஆதரவாளரின் மிரட்டலுக்கு அஞ்சாமல் பிரசங்கித்தவர். டென்வர் வட்டாரத்தின் தலைமைக் குருவாக விளங்கிய அவர், போர் மூண்டதும், படைக்குரு பதவி வேண்டாம், போரிடும் பதவியே வேண்டும் என்று கேட்டுப் பெற்றார். 1864 நவம்பர் 29 விடியலில், கர்னல் சிவிங்டன் ஏறக்குறைய 700 வீரரோடு சாண்ட் கிரீக் என்னும் ஓடைக்கரையில் தங்கியிருந்த செயென், அரபாஹோ மக்களின் கூடாரங்களைத் தாக்கினார். அம்மக்கள் சமாதானம் நாடி, படை அதிகாரிகளின் சொல்லை நம்பி அங்குத் தங்கியோர். தலைவர் பிளாக் கெட்டில் அமெரிக்கக் கொடியையும் வெள்ளைக் கொடியையும் ஏற்றியிருந்தார். மாண்டோர் 150க்கு மேல். 200க்கும் மிகுதி என்போரும் உளர். பெரும்பாலோர் பெண்டிரும் பிள்ளைகளும் முதியோரும். ஜெஸ்ஸியும் ஹார்டினும் தம் வாழ்நாளெல்லாம் கொன்றோரைக் கூட்டினாலும் இவ்வொரு காலைப்பொழுதுக்கு ஈடாகாது. நாடாளுமன்றக் குழு கடுமையாகக் கண்டித்தும் சிவிங்டன் மீது வழக்கு நடைபெறவே இல்லை. அவரைக் கொள்ளையர் பட்டியலில் எவரும் சேர்ப்பதில்லை. அவர் சார்ந்திருந்த மரபின் வழிவந்த ஐக்கிய மெதடிஸ்து திருச்சபை இதற்காக மன்னிப்புக் கோரும் தீர்மானத்தை 1996இல் நிறைவேற்றியது.

அன்று அங்கிருந்த அதிகாரிகளுள் காப்டன் சைலஸ் சோல் தம் அணியினர் சுடலாகாதெனத் தடுத்துவிட்டார். இவரும் சட்டத்தின் கண்ணில் மாசற்றவரல்லர். அடிமைகளைத் தப்புவிக்கும் குடும்பத்தில் வளர்ந்தவர்; 1859இல் ஓடிப்போகும் கறுப்பினத்தவருக்கு வழித்துணை சென்றமைக்காக அடைக்கப்பட்டிருந்த மருத்துவர் ஒருவரைச் சிறையிலிருந்து மீட்டுச்சென்ற கூட்டத்தில் இருந்தவர். அச்சிறை இருந்த ஊர் மிசௌரியின் செயின்ட் ஜோசப்; பின்னாளில் ஜெஸ்ஸி ஜேம்ஸ் மாண்ட அதே ஊர். சாண்ட் கிரீக்கில் தாம் கண்டதைச் சோல் மேலதிகாரிக்குக் கடிதமாக எழுதினார். 1865 தொடக்கத்தில் விசாரணைக் குழுவின் முன் சாட்சியம் அளித்தார். ஏப்ரல் முதல் நாள் அவருக்குத் திருமணம் நடந்தது. 23ஆம் நாள் இரவு டென்வர் தெருவில் சுட்டுக்கொல்லப்பட்டார். கொன்றவன் பிடிபட்டும் தப்பியோடினான், தண்டனை பெறவில்லை. செயென், அரபாஹோ மக்களின் வழித்தோன்றல்கள் 1999இல் தொடங்கி, இறந்தோரின் நினைவாகச் சாண்ட் கிரீக்கிலிருந்து டென்வர் வரை நெடும் ஓட்டம் நடத்திவருகின்றனர். வழியில் சோலின் கல்லறைக்குச் சென்று அங்குச் சற்று நேரம் நிற்பது அவர்களின் வழக்கம்.